உங்கள் கணிப்பு ஒன்று, நடப்பது ஒன்றா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தன்னைத் தானே புரிந்துகொள்ள வேண்டும் என்று படித்ததால் தினமும் இரவில் டைரி எழுதுகிறேன். பழைய பக்கங்களைப் புரட்டினால் ஒரே புலம்பல். எழுதி முடித்த பிறகு மனம் இன்னும் கனக்கிறது. விட்டுவிடலாமா?
*- பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

டைரியை விட வேண்டாம், அதில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். உங்கள் பக்கங்களில் 'ஏன்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்', 'அவர் ஏன் என்னிடம் அப்படிப் பேசினார்' என்ற கேள்விகளுக்கு மனம் உடனே ஒரு பதில் தயாரித்துக் கொடுத்துவிடும். அது உண்மையான காரணம்தானா என்று சோதிக்க உள்ளே வழி கிடையாது. ரிச்சர்ட் நிஸ்பெட், டிமோதி வில்சன் என்ற உளவியலாளர்கள் 1977-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. வரிசையாக வைத்த நான்கு ஜோடி காலுறைகளில் எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு. ஆனால் வலது கோடியில் இருந்ததையே நிறையப் பேர் எடுத்தார்கள். காரணம் கேட்டபோது இருந்த இடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலுறைக்கே இந்தக் கதி என்றால், 'அவர் மேல் எனக்கு ஏன் கோபம்' என்ற கேள்விக்கு மனம் சொல்லும் காரணத்தை எவ்வளவு நம்பலாம்?

தன்னைப் பற்றி யோசிப்பதில் இரண்டு வகை உண்டு. நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடுவது ஒன்று, ஆர்வத்தோடு ஆராய்வது மற்றொன்று. முதல் வகை மனச்சோர்வோடு சேர்ந்தே வரும். உங்கள் டைரி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்று முதல் நான்கு வரி மட்டும் எழுதுங்கள். முதல் வரியில் நடந்தது: கேமரா இருந்திருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்குமோ அது மட்டும். இரண்டாவதில் அந்த நேரத்தில் உடம்பில் என்ன தெரிந்தது என்பது. மூன்றாவதில் நீங்கள் சொன்னது அல்லது செய்தது, கூடுமானவரை அதே சொற்களில். நான்காவதில், இதே நிலைமை மறுபடி வந்தால் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்வீர்கள் என்பது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படுக்கையில் உட்கார்ந்தும் எழுத வேண்டாம். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது முதல் வரியில்தான். 'மேலாளர் என்னை அலட்சியப்படுத்தினார்' என்று எழுதுவோம். கேமராவில் அலட்சியம் பதிவாகாது. 'நான் பேசிக்கொண்டிருந்தபோது போனைப் பார்த்தார், பதில் சொல்லாமல் அடுத்தவரிடம் பேசினார்' என்பதுதான் பதிவாகும். இப்படி எழுதிய உடனேயே வேறு விளக்கங்களுக்கும் இடம் வந்துவிடும்.

வாரம் ஒருமுறை இருபது நிமிடம் ஒதுக்கி ஏழு நாளையும் சேர்த்துப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஆள், நேரம், சூழ்நிலை எதுவோ அதன் கீழ் கோடு போடுங்கள். திருப்பிப் படிக்காத டைரியால் பாதிப் பயன்கூட இல்லை.

ஆழமான பழைய காயம் ஒன்று இருந்தால் அதற்கு முறையே வேறு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் சோதித்துப் பார்த்தது இது: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், அந்த ஒரே விஷயத்தை உணர்ச்சியோடு எழுதிவிட்டு நிறுத்திவிடுவது. எழுதிய உடனே மனம் சற்றுத் தாழும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இது மாதக்கணக்கில் தினமும் செய்கிற பயிற்சி அல்ல. எழுத எழுதப் பதற்றம் ஏறிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் டைரியை நம்பியிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு வேலையை 'நாளைக்குள் முடித்துவிடுவேன்' என்று சொல்லும்போது முழு மனதோடுதான் சொல்கிறேன். ஆனால் ஒருமுறைகூட முடிந்ததில்லை. நான் சோம்பேறியா?
*- வரைபடப் பிரிவில் பணிபுரியும் வாசகர்*

சோம்பேறித்தனத்தைவிட, கணிக்கும் முறையில் உள்ள ஓட்டைக்குத்தான் வாய்ப்பு அதிகம். டேனியல் கானமன், ஏமோஸ் டிவர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே இதற்குத் 'திட்டமிடல் பிழை' (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994-ல் ரோஜர் பியூலர் குழு பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்த மாணவர்களிடம் 'ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள்' என்று கேட்டது. சராசரிப் பதில் சுமார் 34 நாள். 'எல்லாமே கெட்டுப்போனால்?' என்றதற்குச் சுமார் 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, படுமோசமான நிலைமை என்று அவர்கள் கற்பனை செய்ததைவிட நடப்பு மோசமாக இருந்தது.

காரணம் எளிது. நேரம் கணிக்கும்போது நம் கண்ணில் படுவது வேலையின் படிகள் மட்டும். அடுத்தவர் பதிலுக்குக் காத்திருப்பது, திருத்தம் திரும்பி வருவது, இடையில் வரும் அழைப்புகள் எதுவும் அந்தப் படத்தில் இல்லை. போன முறை தாமதமானது நினைவுக்கு வந்தாலும், 'அது அந்த ஒருமுறை நடந்த விசேஷம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் வேலையைக் கணிக்கும்போது நம்மிடம் இந்த நம்பிக்கை இருப்பதில்லை.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, வேலை, கணிப்பு, ஆன நேரம், இடைவெளிக்குக் காரணம். கணிப்பை வேலை தொடங்கும் முன் எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் மனம் எண்ணைத் திருத்திவிடும். ஒரே வகை வேலைகள் பத்து சேர்ந்ததும், ஒவ்வொன்றிலும் ஆன நேரத்தைக் கணிப்பால் வகுத்து, விடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். உதாரணமாக 1.1, 1.2, 1.3, 1.5, 1.6, 1.8, 1.8, 2.0, 2.4, 5.0 என்று வந்தால், நடுவில் உள்ள 1.6-க்கும் 1.8-க்கும் இடைப்பட்ட 1.7-தான் உங்கள் பெருக்கல் எண். சராசரி எடுக்காதீர்கள், அந்த ஒற்றை 5.0 அதை ஏறக்குறைய 2-க்கு இழுத்துவிடும்.

இனி மனதில் 'நான்கு மணி நேரம்' என்று தோன்றினால் உங்கள் நாளைத் திட்டமிட ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்தவருக்கு வாக்குக் கொடுக்கும்போது மட்டும் நடு எண் போதாது, ஏனென்றால் அதை நம்பினால் பாதி முறை வாக்குத் தவறும். பட்டியலில் எட்டாவதாக உள்ள எண்ணை எடுங்கள். இங்கே அது 2.0, ஆகவே எட்டு மணி நேரம் என்று சொல்லுங்கள். பத்தில் எட்டு முறை சொன்ன நேரத்துக்குள் முடியும்.

இதில் கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். மின்னஞ்சல் எழுதுவதையும் வரைபடம் போடுவதையும் ஒரே பட்டியலில் கலந்தால் எண்ணுக்கு அர்த்தமில்லை. கை வேலை செய்த நேரத்தை அளந்துவிட்டு, நாட்காட்டிப்படி வாக்குக் கொடுத்தாலும் தவறும். கை வேலை மூன்று மணி நேரம்தான், ஆனால் ஒப்புதலுக்கு இரண்டு நாள் காத்திருந்தீர்கள் என்றால் வாக்கில் அந்த இரண்டு நாளும் இருக்க வேண்டும். கொஞ்ச நாள் போனதும், பெருக்கப் போகிறோம் என்று தெரிந்தே கணிப்பைக் குறைத்துச் சொல்லத் தொடங்குவோம். அதனால் ஒவ்வொரு பத்து வேலைக்கும் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். 'என்னிடம் என்ன குறை, தயங்காமல் சொல்லுங்கள்' என்று கூட்டத்திலேயே கேட்டேன். 'ஒன்றுமில்லை சார், எல்லாம் நன்றாகப் போகிறது' என்றார்கள். இரண்டு பேர் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார்கள். உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?
*- குழுத் தலைவர் ஒருவர்*

பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத பகுதி ஒன்று எல்லோரிடமும் உண்டு. ஜோசப் லஃப்டும் ஹாரிங்டன் இங்காமும் 1955-ல் வரைந்த 'ஜோஹாரி சாளரம்' என்ற நான்கு கட்டப் படத்தில் அதற்கு ஒரு கட்டமே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைத் திறக்கும் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, சம்பள உயர்வை முடிவு செய்பவரிடம் அவருடைய குறையைச் சொல்ல யார் துணிவார்கள்? அவர்கள் சொன்ன பதிலும் ஒரு தகவல்தான்: உண்மையைச் சொல்வது இங்கே ஆபத்து என்று கருதுகிறார்கள்.

குறையைக் கேட்காதீர்கள். ஒரு நிகழ்ச்சியை, அதில் உங்கள் ஒரு செயலைக் கேளுங்கள். 'நேற்றைய கூட்டத்தில் நான் அட்டவணையை மாற்றியதைச் சொன்னேனே, அதை வேறு எப்படிச் சொல்லியிருந்தால் உங்களுக்கு வேலை எளிதாக இருந்திருக்கும்?' இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. நிகழ்ச்சி நடந்து இரண்டு நாளுக்குள் கேட்கிறீர்கள், நினைவு பசுமையாக இருக்கிறது. பேச்சு உங்கள் குணத்தைப் பற்றியது அல்ல, செயலைப் பற்றியது. பதில் குற்றச்சாட்டாக இல்லாமல் யோசனையாக வருவதால் சொல்பவருக்குக் கூச்சம் குறைவு.

தனித்தனியாகக் கேளுங்கள், மூன்று முதல் ஐந்து பேரிடம். உங்களோடு நன்றாகப் பழகுபவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் உங்களுக்குத் தெரிந்ததே திரும்பி வரும். அடிக்கடி முரண்படும் ஒருவராவது அதில் இருக்கட்டும். சிலருக்கு நேரில் பேச வராது. முதல் நாளே கேள்வியைக் கொடுத்துவிட்டு மறுநாள் பதில் கேட்டால் அவர்களும் சொல்வார்கள்.

அவர்கள் பேசத் தொடங்கிய பிறகுதான் உங்களுக்குச் சோதனை. 'நன்றி, குறித்துக்கொள்கிறேன்' என்பதற்கு மேல் அப்போது எதுவும் பேசாதீர்கள். 'இல்லை, அன்றைக்கு என்ன ஆச்சுன்னா...' என்று ஒரே ஒரு விளக்கம் கொடுத்தால் போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புரியாவிட்டால் 'ஒரு உதாரணம் சொல்ல முடியுமா' என்று மட்டும் கேட்கலாம். சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுதிவைத்து, ஒருநாள் கழித்துப் படியுங்கள்.

படிக்கும்போது மூன்றாகப் பிரியுங்கள்: நடந்த உண்மை ('நான் பேசும்போது இரண்டு முறை குறுக்கிட்டீர்கள்'), அவருடைய ஊகம் ('என்னை உங்களுக்குப் பிடிக்கவில்லை'), விருப்பம் ('காலைக் கூட்டம் வேண்டாம்'). உண்மை வகையில் ஒரே விஷயத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதைத் தள்ளிவிடாமல், அடுத்த இரண்டு வாரம் கவனியுங்கள். ஊகத்தோடு வாதாட வேண்டாம். அந்த ஊகம் வரக் காரணமான செயல் எது என்று தேடுங்கள்.

கேட்டதில் ஒன்றை, சிறியதாக இருந்தாலும், இரண்டு வாரத்துக்குள் மாற்றிக் காட்டி, சொன்னவரிடம் 'இதை மாற்றியிருக்கிறேன், இப்போது எப்படி இருக்கிறது' என்று கேளுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். முறையாகச் செய்யாத பின்னூட்டத்தால் கெடுதலும் உண்டு. அவ்ராம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி இருவரும் 1996-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதற்குத் தாவும்போது அதன் பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். நீங்கள் குழுவினருக்குச் சொல்லும் விமர்சனத்துக்கும் இது பொருந்தும்.

மாற்றல் கேட்ட இருவரையும் தடுக்க முயலாதீர்கள். மாற்றல் உறுதியான பிறகு பேசுங்கள். அப்போது அவர்களுக்கு இழக்க எதுவும் இருக்காது. மற்ற ஆறு பேரிடம் கிடைக்காத தகவல் அவர்களிடம் கிடைக்கும்.

கேள்வி: போன வாரக் கூட்டத்தில் ஒரு புள்ளிவிவரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். எல்லோரும் என்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றுகிறது.
*- புதிதாக வேலையில் சேர்ந்த வாசகி*

டாமஸ் கிலோவிச் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வு இது. சங்கடமூட்டும் படம் போட்ட டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு ஒரு மாணவர் அறைக்குள் போக வேண்டும். உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று டீ-ஷர்ட் போட்டவர்கள் கணித்தார்கள். கவனித்தவர்கள் அதில் பாதிதான். தவறான எண்ணை யாராவது பயன்படுத்திவிடலாம் என்பதால் சரியான எண்ணை இரண்டு வரி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மன்னிப்பு ஒரு பத்திக்கு நீண்டால், கவனிக்காதவர்களும் கவனிப்பார்கள்.

கேள்வி: அலுவலகத்தில் எல்லோரிடமும் பொறுமையாகப் பேசுகிறேன். வீட்டுக்கு வந்ததும் சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறுகிறேன். பிறகு வருந்துகிறேன். 'இனி கோபப்பட மாட்டேன்' என்று எத்தனையோ முறை முடிவெடுத்தாகிவிட்டது.
*- இரண்டு குழந்தைகளின் தந்தை*

'கோபப்பட மாட்டேன்' என்பது முடிவு இல்லை, ஆசை. எப்போது, எங்கே, என்ன செய்வது என்பது அதில் இல்லை. முதலில் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் பதிவு மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு சீறலுக்கும் ஐந்து விவரம்: மணி, வீட்டுக்குள் நுழைந்து எத்தனை நிமிடம் ஆனது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், உடம்பில் முதலில் தெரிந்தது என்ன. தாடை இறுகுவது, குரல் உயர்வது, மூச்சு மேலோடுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னறிவிப்பு உண்டு. தெரியவில்லை என்றால் வீட்டில் கேளுங்கள், அவர்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

பதிவைப் பார்த்தால் பெரும்பாலும் சீறல்கள் ஒரு குறுகிய நேரத்துக்குள் குவிந்திருக்கும், அனேகமாக வீட்டுக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரத்தில். அப்படியானால் வேலை செய்ய வேண்டியது அந்த அரை மணி நேரத்தில்தான், உங்கள் குணத்தில் அல்ல. அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முடியாமல் நிற்கும் வேலைகளையும் ஒவ்வொன்றுக்கும் நாளை எடுக்க வேண்டிய முதல் அடியையும் எழுதிவையுங்கள். எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டுவிட்ட வேலை மனதை நச்சரிப்பது குறைகிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரின் 2011 ஆய்வு காட்டியது. வீட்டில் 'வந்ததும் பத்து நிமிடம் எனக்குக் கொடுங்கள், அப்புறம் வருகிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்லி வைத்துக்கொள்ளலாம். பத்து என்று சொன்னால் பத்துதான். போனை எடுத்துக்கொண்டு நாற்பது ஆக்கினால் அந்த ஏற்பாடு ஒரு வாரம் தாங்காது.

பிறகு 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற அமைப்பில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: 'தாடை இறுகினால், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பேசுவேன்.' பீட்டர் கோல்விட்சர் வகுத்த இந்த முறையை 94 சோதனைகளில் தொகுத்துப் பார்த்ததில், வெறும் தீர்மானத்தைவிடத் தெளிவாகவே நல்ல பலன் தெரிந்தது. ஆனால் வாக்கியத்தின் முதல் பாதி கண்ணுக்கோ உடம்புக்கோ தெரிவதாக இருக்க வேண்டும். 'கோபம் வந்தால்' என்று எழுதினால் வேலை செய்யாது, அது தெரியும்போது கத்தி முடித்திருப்பீர்கள். இரண்டாம் பாதியில் 'கத்த மாட்டேன்' என்று எழுதாமல், செய்யக்கூடிய ஒன்றை எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து வாக்கியம் எழுதினால் ஒன்றும் நினைவுக்கு வராது.

கேள்வி: நிறுவனத்தில் ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். அறிக்கையைப் படித்தால் அச்சு அசலாக நான்தான். இதை வைத்து வேலையை மாற்றலாமா?
*- வாசகர்*

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். 5-க்கு எத்தனை மதிப்பெண் பொருந்துகிறது என்று கேட்டபோது சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை. ஆகவே 'அச்சு அசல்' என்ற உணர்வைச் சான்றாகக் கொள்ள முடியாது. உங்களுக்கு நேரெதிர் வகைக்கு எழுதிய அறிக்கையை வாங்கிப் படியுங்கள். அதிலும் பாதி பொருந்தினால் விஷயம் புரிந்துவிடும். மனிதர்களை இரண்டு பெட்டிக்குள் பிரிக்கும் தேர்வுகளில் கோட்டுக்கு அருகில் இருப்பவர் அடுத்த மாதம் எழுதினால் வேறு பெட்டியில் விழலாம். ஐந்து முக்கியக் குணங்களில் ஒவ்வொன்றிலும் அளவுகோலில் எந்தப் புள்ளியில் நிற்கிறீர்கள் என்று காட்டும் 'பெரும் ஐந்து' வகைத் தேர்வுகள் மேல். அவையும் பேச்சைத் தொடங்கத்தான் உதவும், வேலையை மாற்றும் முடிவை எடுக்க அல்ல.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டு வேலையில் முக்கால்வாசி நான்தான் செய்கிறேன். அவரோ பாதிக்கு மேல் தான் செய்வதாகச் சொல்கிறார். யாராவது ஒருவர் பொய் சொல்லத்தானே வேண்டும்?
*- வாசகி*

வேண்டியதில்லை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979-ல் 37 தம்பதிகளிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்ன பங்கையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியது. நாம் செய்தது முழுக்க நினைவில் நிற்கிறது. அடுத்தவர் செய்ததில் நம் கண்ணில் பட்டது மட்டும் நிற்கிறது.

அதற்காக இருவரும் சமமாகச் செய்கிறீர்கள் என்றும் ஆகிவிடாது. ஏழு நாள், இருவரும் தனித்தனித் தாளில், செய்த உடனே எழுதுங்கள். வார இறுதியில் நினைவிலிருந்து எழுதினால் பழைய சண்டைதான் திரும்பும். இரண்டு பத்தி வேண்டும். முதலாவது கையால் செய்தது, நிமிடக் கணக்கில். இரண்டாவது மனதில் சுமந்தது: என்ன தீர்ந்துபோகிறது என்று கவனித்தது, யாருக்கு எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நினைவு வைத்தது, 'செய்தாச்சா' என்று கேட்டது. இதை நிமிடத்தில் அளக்க முடியாது, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுங்கள். முதல் பத்தி ஏறக்குறையச் சமமாக இருந்து, இரண்டாவது ஒருவர் தாளில் மட்டும் நிரம்பி வழிவது உண்டு.

ஏழாம் நாள் தாள்களை மாற்றிக்கொண்டு, பேசாமல் படியுங்கள். பிறகு ஒரு வேலையை முழுதாகக் கை மாற்றுங்கள், அதாவது கவனிப்பது, திட்டமிடுவது, செய்வது மூன்றையும். 'நீ சொல், நான் செய்கிறேன்' என்பது கை மாற்றியது ஆகாது. மாற்றிக் கொடுத்தவர் மூன்று வாரம் திருத்தம் சொல்லக் கூடாது. வாங்கிக்கொண்டவர் செய்யும் விதம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் தலையிட்டால் அந்த வேலை நான்காம் நாளே உங்களிடம் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: ஒரு பழக்கத்தை 21 நாள் செய்தால் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். நான் 30 நாள் செய்தும் ஒட்டவில்லை.
*- கல்லூரி மாணவர்*

அந்த 21, பழக்கங்களை ஆராய்ந்து வந்த எண் அல்ல. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், புதிய முகத்துக்குப் பழகத் தம் நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆவதாக 1960-ல் எழுதினார். 'குறைந்தது' என்பது வழியில் உதிர்ந்துவிட்டது. ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்து 2010-ல் வெளியிட்ட கணக்கில் நடுத்தர அளவு 66 நாள். ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய எண்கள், பதிவான போக்கை நீட்டிக் கணித்தவை). ஒருநாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் தெரிந்தது. எண்ணிக்கையை விட்டுவிட்டு, தினமும் தவறாமல் செய்யும் ஒரு செயலின் வாலில் புதிய பழக்கத்தைக் கட்டுங்கள்: 'பல் துலக்கி முடித்ததும்' என்பது போல. அளவு இரண்டு நிமிடத்தில் முடிவதாக இருக்கட்டும். பழக்கம் ஒட்டிவிட்டதா என்று அறிய, நினைவூட்டலை ஒரு வாரம் அணைத்து வையுங்கள். நான்கு நாளாவது தானாகவே செய்திருந்தால் அளவைக் கூட்டலாம். இல்லையென்றால் நினைவூட்டலை மறுபடி போட்டுவிட்டு இன்னும் மூன்று வாரம் இதே அளவில் தொடருங்கள்.